முதல்ல உங்க விரல்

அந்த சிஸ்டரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. கொரோனா இரண்டாவது தடவை ஏறி வந்த வருசம் பதினான்கு நாள் அவர் கையால் மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறேன். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. மூக்குக்கும் வாய்க்கும் இரண்டு மாஸ்க். கண்ணுக்கு ஒரு பெரிய கண்ணாடி, அதுவும் பாதி நேரம் உள்ளே ஆவி படிந்து கிடக்கும். நெஞ்சில் பட்டைப் பேனாவால் பெயர் எழுதியிருப்பார்கள். அது மலையாளம். நான் எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு நின்றவள். மலையாளம் பேசுவேன், வாசிக்க வராது. முதல் நாளே பெயரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு வாரம் போன பிறகு கேட்க வெட்கமாக இருந்தது.

பேச்சுதான் அடையாளம். குமுளி மலையில் ஆனைக்கரைப் பக்கம் நாங்கள் பேசுவது தெக்கத்திப் பேச்சு, தாத்தா காலத்தில் மலை ஏறி வந்தது. அவர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூரையும் தாண்டி. எதற்கெடுத்தாலும் ‘ங்க’ போடுவார். வீட்டை ‘ஊடு’ என்பார்.

போன மாதம், ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் கிடந்த அக்காவின் மகள் ஜெனி வந்துபோனதிலிருந்து அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவில்லை.

எனக்குப் பயம் ஜாஸ்தி. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். மழை பெய்தால் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் மண் சரியுமோ என்று பார்ப்பேன், பெய்யாவிட்டால் ஏலச்செடி காயுமோ என்று பார்ப்பேன். பாசிட்டிவ் என்று சொன்ன அன்றைக்குக் கேட்கவா வேண்டும். பஞ்சாயத்து மெம்பர் போனில் “ஒண்ணும் ஆகாது” என்றார். ஆம்புலன்ஸ் ஓட்டியவர் “ஒண்ணும் ஆகாது சேச்சி” என்றார். என் வீட்டுக்காரர் லயத்து வாசலில் எட்ட நின்றுகொண்டு அதையே சொன்னார், சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது.

பள்ளிக்கூடத்துக் கட்டிடம் ஒன்றை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். பெண்களுக்கு மேல் மாடி. ஏறிப்போன உடனே எதிரே நின்ற வெள்ளை உடுப்பிடம், “நான் பொழச்சிக்குவேனா சிஸ்டர்?” என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உக்காருங்க்கா. பாத்துப்போட்டுச் சொல்றனுங்க.”

இப்படியா சொல்வார்கள்? ஆனால் அவர் சூடு பார்த்தார், பிரஷர் பார்த்தார், விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் நம்பர் பார்த்தார், முதுகில் குழல் வைத்து மூச்சு விடச் சொன்னார். “இப்போதைக்கு நல்லா இருக்கறீங்க. சாயந்தரம் ஆறு மணிக்கு மறுபடி பாப்பனுங்க” என்றார். சரியாக ஆறு மணிக்கு வந்தார். அந்தப் பதினான்கு நாளும் அவர் வருகிறேன் என்ற மணிக்கு வராமல் இருந்ததில்லை. பார்க்காத ஒன்றைச் சொன்னதும் இல்லை.

பக்கத்துக் கட்டில் ரோஸ்லின் அக்கா. எங்கள் லயத்திலேயே நான்கு வீடு தள்ளி. நானும் அவரும் இருபது வருசம் ஒரே நிரையில் உட்கார்ந்து ஏலக்காய் எடுத்தவர்கள். எனக்கு முந்தின நாள் அவரைக் கொண்டு வந்திருந்தார்கள். வாய் ஓயாத ஆள். ஜெபமாலை ஒரு கையில் ஓடும், மறு கையை ஆட்டி ஊர்க்கதை பேசுவார். சிஸ்டரைக் கண்டால் விடமாட்டார். ஒரு நாள் கேட்டார், “ஏன் தாயி, ஒங்க வீட்ல சோறு வெந்துருச்சான்னு கேட்டாக்கூட பாத்துட்டுத்தான் சொல்லுவீகளோ?”

“ஆமாங்க்கா. எங்கூட்ல அதுக்கே மாமியாகிட்ட பேச்சு வாங்குவனுங்க.”

ஹாலே சிரித்தது. சிரித்தவர்களுக்கு இருமல் வந்து, அதைப் பார்த்து இன்னும் சிரித்தோம்.

உடுப்பைப் போட்டு உள்ளே வந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்கு அவர்களுக்குத் தண்ணீர் கிடையாது, ஒன்றுக்குப் போகவும் வழி கிடையாது. ரோஸ்லின் அக்கா பாவப்பட்டு, தாகமாக இல்லையா என்று கேட்டார். மற்ற சிஸ்டர்கள் என்றால் அதெல்லாம் பழகிப்போச்சு என்று சிரிப்பார்கள். இவர் “தாகமாத்தானுங்க இருக்குது” என்றார். பயமாக இல்லையா என்று நான் கேட்டேன். “இருக்குதுங்க்கா” என்றார். இரண்டு வயசுப் பிள்ளையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். என்றைக்குப் போவீர்கள் என்றால் தெரியலீங்க என்பார். வேலைக்கு நடுவில் என் கட்டிலருகே வந்து திரும்பி நின்று, முதுகுத் தையல் எங்கேயாவது விட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். நான் ஒன்றுக்கு மூன்று தடவை பார்த்து, இல்லை என்பேன். அதன் பிறகுதான் நகர்வார். என்னைப் போலப் பயப்படுகிற ஒருத்தி அந்த உடுப்புக்குள் இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றும். அது ஆறுதலா, கூடுதல் பயமா என்று சொல்லத் தெரியவில்லை.

அவருடைய அந்தக் குணம் எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஜன்னலோரக் கட்டிலில் டீக்கடை வைத்திருந்த ஒரு அம்மா இருந்தார். தனி ஆள், வீட்டில் இரண்டு ஆடு. ஆட்டுக்கு யார் குழை போடுகிறார்களோ என்று தினமும் புலம்புவார். போட்டிருப்பார்கள், போட்டிருப்பார்கள் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். சிஸ்டர் மட்டும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். டியூட்டி முடிந்து வெளியே போய் அந்த அம்மா ஊர் வார்டு ஆஷா சுகாதார ஊழியருக்குப் போன் போட்டிருக்கிறார். மறுநாள் வந்து, மூன்று நாளாக யாரும் போடவில்லை, குட்டி செத்துவிட்டது, பெரியதைப் பக்கத்து வீட்டில் பிடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அப்படியே சொன்னார். அந்த அம்மா சத்தம் போட்டு அழுதார். இந்தப் பெண் ஒரு பொய் சொன்னால்தான் என்ன என்று எனக்குக் கோபமாக வந்தது. ரோஸ்லின் அக்காவும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிஸ்டர் போகவில்லை. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், அழுது முடிகிற வரைக்கும், கையுறையோடு அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முப்பது கட்டிலுக்கு ஒரு நேரத்தில் உள்ளே ஒரு சிஸ்டர்தான். அதனால் கொஞ்சம் தெம்பாக இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு கிளிப் மிஷினைக் கொடுத்து, பக்கத்துக் கட்டிலையும் பார்த்து எழுதி வைக்கச் சொன்னார்கள். எங்கள் வரிசைக்கு என்னைச் சொன்னார் இந்த சிஸ்டர். நான் பயந்தவள், என்னிடம் போய் ஏன் என்றேன். “பயப்படறவங்கதானுங்க்கா உடாம பாப்பாங்க” என்றார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என்னிடம் யாரும் காகிதமும் பேனாவும் கொடுத்ததில்லை. கட்டில் காலில் தொங்கிய தாளில் முதல் நம்பரை எழுதும்போது கை வேர்த்துவிட்டது.

அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். மிஷினை எடுத்தால் முதலில் நல்லா இருக்கிற ஆள் விரலில் மாட்ட வேண்டும். அது சரியாகக் காட்டினால்தான் நோயாளி விரலுக்குப் போக வேண்டும். அவர் கையில் இரண்டு உறை, அதன் மேல் மாட்டினால் மிஷின் ஒழுங்காகக் காட்டாது. அதனால் எங்கள் வரிசைக்கு வந்தால் “அக்கா, முதல்ல உங்க விரல்” என்று கையை நீட்டுவார். எனக்குத் தொண்ணூற்றேழு. எப்போதும் தொண்ணூற்றேழு. பிறகு ரோஸ்லின் அக்காவுக்கு.

முதல் நாளிலேயே ரோஸ்லின் அக்காவுக்கு எண்பத்தேழு காட்டி எங்களைப் பதறடித்தது அது. மழைக்குளிர். அக்கா கை ஐஸ் மாதிரி இருந்தது. எங்கள் விரலெல்லாம் காய் எடுத்து எடுத்து நகக்கண் கறுத்து, தோல் வெடித்துக் கிடக்கும். சிஸ்டர் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்து, வேறு விரலில் மாட்டி, கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். தொண்ணூற்றாறு. அன்றிலிருந்து எங்கள் ஹாலில் அது ஒரு வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. யாருக்காவது நம்பர் குறைந்தால், “தோட்டத்து விரலு, அப்படித்தான் காட்டும், நல்லா தேயி” என்போம்.

இனிமேல் சொல்வதை, ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு நான்கு வருசம், போன மாதம் வரைக்கும், நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்தாம் நாள் காலை ரோஸ்லின் அக்காவுக்குத் தொண்ணூற்று நாலு. தேய்த்துவிட்டுப் பார்த்தேன், அதேதான். அப்படியே எழுதினேன். பத்து மணிக்குத் தொண்ணூற்றொன்று. தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் உடனே மணியடித்துக் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் மணியைப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

“எழுதிராத புள்ள. கீழ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவாக. போனவுக யாரு திரும்பி வந்தா?”

முந்தின இரண்டு நாளில் எங்கள் ஹாலிலிருந்து மூன்று பேரைக் கொண்டு போயிருந்தார்கள். ஒருவரைப் பற்றியும் நல்ல செய்தி இல்லை. அக்கா கஞ்சி குடித்தார், பேசினார், சிரித்தார், மூச்சு முட்டுகிற மாதிரியே தெரியவில்லை. “இது தோட்டத்து விரலு, ஒனக்குத் தெரியாதா?” என்றார். நான் மிஷினை என் விரலில் மாட்டிப் பார்த்தேன். என் கையும் அதே குளிரில் கிடந்த கைதான். அதே கறை, அதே வெடிப்பு. தொண்ணூற்றேழு.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாது என்று சொன்னால் அது பொய்.

பத்து மணிக்கு நேரே தொண்ணூற்றைந்து என்று எழுதினேன். பன்னிரண்டு மணிக்கு எண்பத்தொன்பது காட்டியது, அதற்கும் தொண்ணூற்றைந்து என்று எழுதினேன். எழுதிவிட்டு, தேவமாதாவே ஒண்ணும் ஆகக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இரண்டு மணிக்கு இந்த சிஸ்டர் டியூட்டிக்கு வந்தார். தாளைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா ஏதோ கிண்டல் சொன்னார், பாதியில் நிறுத்தி மூச்சு எடுத்துக்கொண்டு மீதியைச் சொன்னார். சிஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

“அக்கா, முதல்ல உங்க விரல்.”

தொண்ணூற்றேழு. அக்காவுக்கு எண்பத்தாறு. தேய்த்து, மறு கையில் மாட்டினார். எண்பத்தைந்து. அந்த ஆவி படிந்த கண்ணாடி என்னையே பார்த்தது.

“காலைல என்னங்க இருந்துச்சு?”

“எழுதியிருக்கிறதுதான் சிஸ்டர்.”

அவர் அக்காவுக்கு ஆக்சிஜன் மாட்டினார், குப்புறப் படுக்க வைத்தார், வாசல் போனில் வண்டிக்குச் சொன்னார். திரும்பி வந்து தாளை எடுத்து என் மடியில் வைத்தார்.

“மறுபடி கேக்கறனுங்க்கா. எப்பருந்து எறங்குச்சுன்னு தெரிஞ்சாத்தான் அங்க இருக்கறவங்க அதுக்குத் தக்க பாப்பாங்க. உங்களைத் திட்டறதுக்குக் கேக்கலீங்க.”

ரோஸ்லின் அக்கா குப்புறக் கிடந்தபடியே ஒரு கையால் என் நைட்டியின் ஓரத்தைப் பிடித்திருந்தார். நான் சொல்லிவிட்டேன். காலை தொண்ணூற்று நாலு, பத்துக்குத் தொண்ணூற்றொன்று, பன்னிரண்டுக்கு எண்பத்தொன்பது. நம்பர் ஒன்றுகூட மறக்கவில்லை. பயந்தவளுக்கு மறக்காது.

நான் தாளைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். கூடாது என்றார். அழிக்கவும் கூடாது. தப்பாக எழுதியதன் மேல் ஒரே ஒரு கோடு, அது கீழே இருப்பது தெரிகிற மாதிரி. பக்கத்தில் சரியான நம்பர். அதன் பக்கத்தில் கையெழுத்து. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். என் கையெழுத்து என்பது பெயரை எழுத்துக் கூட்டி எழுதுவதுதான். இரண்டு தடவை எழுதினேன். முடித்ததும் பேனாவை வாங்கி, இரண்டுக்கும் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். நீங்கள் எதற்கு என்றேன்.

“மிஷினை உங்க கைல குடுத்தது நானுங்க்கா.”

உள்ளே இருந்த காகிதம் வெளியே போகக் கூடாது. அவர் அந்தத் தாளைக் கதவுக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார், வெளியே நின்ற ஆள் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவதற்குப் போனில் படம் எடுத்தார். கோடு போட்ட இரண்டு நம்பரும் அந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சத்தில் எப்படித் தெரிந்திருக்குமோ.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது ரோஸ்லின் அக்கா முகமூடியைக் கொஞ்சம் விலக்கி, “எழுதிட்டியா?” என்று கேட்டார்.

“எழுதிட்டேன்க்கா.”

“செரி.”

அவ்வளவுதான். வாரேன் என்று சொல்லவில்லை.

மீதி நாட்களில் எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். உன் மேல் என்ன தப்பு, அவள் கேட்டாள், நீ செய்தாய் என்றார்கள். டீக்கடை அம்மாகூடச் சொன்னார். நான் வீட்டுக்குப் போகிற அன்று சிஸ்டரிடம், பத்து மணிக்கே மணியடித்திருந்தால் அக்காவுக்கு இவ்வளவு முற்றியிருக்காதா என்று கேட்டேன். வழக்கம்போல, கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க என்றார். அக்கா அங்கே பதினொன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு ஆறு பேர்தான். அதில் நான் இல்லை.

அதற்கு ஒரு வாரம் கழித்து சிஸ்டர் போன் செய்தார். எங்கள் லயத்தில் சிக்னல் நிற்காது, மேட்டுக்கு ஏறி நின்று பேசினேன். முகத்தில் மாஸ்க் இல்லாமல் பேசியதால் குரல் வேறு மாதிரி, ரொம்பச் சின்னப் பெண் குரலாக இருந்தது.

“அங்க டாக்டர்கிட்டக் கேட்டனுங்க்கா. முன்னாடியே வந்திருந்தா பொழைச்சிருப்பாங்கன்னும் சொல்ல முடியாது, பொழைச்சிருக்க மாட்டாங்கன்னும் சொல்ல முடியாதுன்னாங்க. நாலு மணி நேரம் நாலு மணி நேரந்தானுங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாததைச் சொல்ல மாட்டேன்.”

நான் அழுதேன். அவர் போனை வைக்கவில்லை, நான் முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் இருந்தார். அவரிடம் மேலிடத்தில் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்பதை நான் விசாரித்த பிறகுதான் சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். என்ன ஆகும் என்றேன். தெரியலீங்க என்றார். பிறகு அவரோடு பேசவில்லை. அந்த நம்பர் பள்ளிக்கூட ஆஸ்பத்திரிக்காக எடுத்த நம்பர், கொஞ்ச நாளில் அது இல்லாமல் போய்விட்டது. குமுளி பஸ் ஸ்டாண்டில் யாராவது ‘ஏனுங்க’ என்றால் இன்றைக்கும் திரும்பிப் பார்க்கிறேன். பார்த்து என்ன செய்ய? எதிரே வந்தாலும் எனக்கு அவரைத் தெரியாது.

ரோஸ்லின் அக்காவின் மகள் ஜெனி. கம்பத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. வருசா வருசம் அம்மாவின் நினைவுப் பூசைக்கு மலையேறி வருவாள், பூசை முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வருவாள். ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சு. பெத்த பிள்ளைகூடப் பக்கத்தில் இருக்க முடியவில்லை, நீங்க இருந்தீக, அது போதும் சித்தி என்பாள். ஒரு தடவை சேலை எடுத்து வந்து கொடுத்தாள். அதை நான் இன்னும் உடுத்தவில்லை.

போன மாதமும் வந்தாள். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, திடீரென்று கேட்டாள்.

“கொஞ்சம் முந்திக் கொண்டு போயிருந்தா அம்மா இருந்திருப்பாளா சித்தி?”

இல்லைம்மா, அவள் நேரம் அவ்வளவுதான் என்ற பதில் என் வாயில் தயாராக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் காப்பியைக் குடித்துவிட்டுப் போயிருப்பாள், அடுத்த வருசமும் வந்திருப்பாள். எனக்கு அந்த விரல் ஞாபகம் வந்தது, நீட்டிக்கொண்டு நிற்கிற கையுறை ஞாபகம் வந்தது.

“தெரியாது ஜெனி” என்றேன். பிறகு சொன்னேன். அம்மா கெஞ்சியதையும், நான் பயந்ததையும், கறுத்த விரலில் என் நம்பர் சரியாகக் காட்டியதையும், தாளில் போட்ட கோட்டையும்.

ஜெனி காப்பியைக் கீழே வைத்தாள். அழவில்லை. ஒவ்வொரு நம்பராகக் கேட்டாள். காலையில் எவ்வளவு. பத்து மணிக்கு எவ்வளவு. பன்னிரண்டுக்கு. சிஸ்டர் வந்தபோது. நான் சொல்லச் சொல்ல அவள் உதடு அசைந்தது. மனசுக்குள் எழுதிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். நீங்க என்ன எழுதினீக என்றும் கேட்டாள். இரண்டு தடவையும் தொண்ணூற்றைந்து என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டாள், என் தோளைப் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் என் தோளைத்தான் பிடிப்பாள். அவளும் வாரேன் என்று சொல்லவில்லை. ரோட்டில் கம்பம் ஜீப் வந்து நின்று, அவளை ஏற்றிக்கொண்டு போனது.

உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். ஆறிப்போன காப்பியைப் பார்த்தார்.

“எதுக்கு இப்பப் போயி இதைச் சொன்ன? இனி அவ இந்தப் பக்கமே வர மாட்டா.”

தம்ளரை எடுத்துச் செம்பருத்திச் செடி மூட்டில் ஊற்றிவிட்டு வந்தேன். அடுத்த பூசைக்கு இன்னும் பதினொரு மாசம் கிடக்கிறது.

“பாத்துட்டுத்தான் சொல்லணும்” என்றேன்.